பாஸ்வேர்ட் களவுபோன கடை

திண்டுக்கல்லில் நான் கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, நான் அடித்துக்கொண்டிருந்த எழுத்துகள் கழன்று திரையின் அடியில் போய் விழுந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மேல் வரியிலிருந்து ஓர் எழுத்து நழுவியது. அப்புறம் இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுப்பவர் ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா பண்ண?"

நான் ஒன்றும் பண்ணவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வைரஸ் என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேட்டேன். யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதிய புரோகிராம், பிளாப்பியில் ஏறி ஊர் ஊராக வந்து, கடைசியில் நான் உட்கார்ந்திருந்த மெஷினில் இறங்கியிருக்கிறது. கேள்வி மட்டும் என்னிடம். இந்தத் தொழிலில் நான் இருந்த காலம் முழுக்க அதே கதைதான். வைரஸ் மாறிக்கொண்டே இருந்தது. வந்து கேட்கிறவர்களின் குரல் மட்டும் மாறவில்லை.

கல்யாணமாகி நாகல் நகருக்குக் குடிவந்த பிறகு, வீட்டின் முன்னறையில் டி.டி.பி. சென்டர் போட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. தமிழில் அடித்து, பக்கம் கட்டி, பிளாப்பியில் போட்டுக் கொடுப்பேன். அதை வாங்கி அச்சடிப்பவர் தெருக்கோடியில் பிரஸ் வைத்திருந்த பாய். என்னைவிட ரொம்ப மூத்தவர். "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். வேலையில் சுத்தம், வாயில் மட்டும் வெடி.

என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் வாங்கும்போதே சொன்னார், "ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போடு. அது பாட்டுக்கு ஓடும். அதுக்குக் காய்ச்சலும் வராது, தலைவலியும் வராது." நான் கேட்கவில்லை. படித்த படிப்பு எதற்கு என்று வீம்பு.

முதல் சண்டை பிளாப்பியால் வந்தது. நான் கொடுத்த பிளாப்பியைப் பாய் தன் மெஷினில் போட்டிருக்கிறார். மறுநாள் மெஷின் கிளம்பவே இல்லை. கடைக்கு வந்து மேஜையில் பிளாப்பியைத் தட்டென்று வைத்தார்.

"தங்கச்சி, உன் கடையிலேருந்துதான் வந்திருக்கு."

"எங்கிட்ட இருந்தா எம் மெஷின்ல ஏன் ஒண்ணும் ஆகலை பாய்? நீங்க மதுரையிலேருந்து டிசைன் பிளாப்பி வாங்கிட்டு வந்தீங்கள்ல, அதைப் பாருங்க."

"மதுரைக்காரன் பெரிய கம்பெனிக்காரன். அவன்கிட்ட வைரஸ் இருக்குமா?"

பெரிய இடத்தில் வைரஸ் இருக்காது, சின்னக் கடையில்தான் இருக்கும். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, ஊரே அப்படித்தான் நினைத்தது. அவர் அதோடு விடவில்லை. ஒரு நாள் பிரஸ்ஸுக்குப் போனால், மாடிப்படியில் துணியை விரித்துத் தன்னிடம் இருந்த பிளாப்பியை எல்லாம் வெயிலில் காயப் போட்டிருக்கிறார். நம்மூர் பங்குனி வெயில். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுகிறார்.

"என்ன பாய் இது?"

"அரிசியில வண்டு விழுந்தா காயப் போடுறமா இல்லையா? கிருமின்னா வெயிலுக்குச் செத்துரும்."

வைரஸ் சாகவில்லை. பிளாப்பிகள்தான் வளைந்து செத்துப் போயின. அதற்கும் என் மேல்தான் கோபம். முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றார். எப்போது சொல்வது? காயப் போடுவார் என்று யார் கண்டது?

அதைவிடப் பெரிய அடி ஒரு சித்திரை மாதம் விழுந்தது. கல்யாண சீசன். காலையில் குளித்துவிட்டு வந்து பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரையில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். செத்த நேரத்தில் பாய் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். அவர் மெஷினும் அதே மாதிரி. குறிப்பிட்ட ஒரு தேதிக்கு விழித்துக்கொண்டு உள்ளே இருப்பதை எல்லாம் அழிக்கும்படி யாரோ எழுதிவிட்ட வைரஸ் என்று பிற்பாடு தெரிந்தது. எவ்வளவோ நாளாக அது எங்கள் மெஷினுக்குள் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. நாங்கள் அதன் மேலேயே மணமகள், மணமகன், சுபமுகூர்த்தம் என்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று மாலை கொடுத்தாக வேண்டிய பத்திரிகைகள் இருந்தன. ஊரில் தெரிந்த மற்றக் கடைகளிலும் அதே கதை. கையெழுத்துப் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு பாயும் நானும் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்குத் தெரிந்த ஒரு டி.டி.பி. கடை இருந்தது. அங்கே வேறு தமிழ் எழுத்துரு, வேறு கீபோர்டு. நான் 'க' அடித்தால் 'ம' வருகிறது. கைக்குப் பழகிய இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். பாய் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்துச் சொன்னார். ஒரு இடத்தில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டேன்.

"ஏம்மா, மாமன் பேரு இல்லாம பத்திரிகை போனா கல்யாணமே நின்னுரும்," என்றார். அன்று முழுக்க அந்த ஒரு தடவைதான் நாங்கள் சிரித்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார், "இதைச் செய்யுறவனுக்கு என்னம்மா கிடைக்கும்? நம்மகிட்ட அவனுக்கு என்ன பகை?"

அவன் கண்ணில் நாங்கள் படவே இல்லை என்பதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. பகை இருந்து செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் மதுரைக்குப் போய் ஆன்ட்டி வைரஸ் சிடி வாங்கி வருவது ஒரு வழக்கமாகிவிட்டது. வாங்கி வந்து போட்டால், அதற்குத் தெரிந்த வைரஸை மட்டும் பிடிக்கும். அதற்குள் ஊரில் புதுசு வந்திருக்கும். போன் லைனில் நெட் போட்டு அப்டேட் இறக்கலாம் என்றால், முக்கால்வாசி இறங்கியதும் யாராவது போன் பண்ணுவார்கள், லைன் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை அப்படி அறுத்தது என் அம்மா. "என்ன குழம்பு, என்ன வெஞ்சனம் வச்ச?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். அவள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, போனை வைத்த பிறகு உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாயிரம் பிறந்ததும் ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்தது. பத்திரிகை வேலையை மட்டும் நம்பினால் தாங்காது என்று நானும் முன்னறையைப் பிளைவுட்டால் தடுத்து, வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டு, கதவில் 'இன்டர்நெட்' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். பாய்க்கு நான்தான் மெயில் ஐடி திறந்து கொடுத்தேன். தோல் வியாபாரத்தில் இருந்த அவருடைய சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து மெயில் போடுவார்கள். ஒரு நாள் மதியம் உள்ளேயிருந்து தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க செத்த வாயேன். சென்னையிலேருந்து நம்ம பெரியவரு எனக்கு லவ் லெட்டர் அனுப்பியிருக்காரு. அவருக்கு வயசு அறுபதுக்கு மேல ஆகுதும்மா."

"திறக்காதீங்க பாய்!"

"திறந்து பாத்துட்டேனே. உள்ள ஒண்ணுமில்லையே."

உள்ளே இருந்தது ஏற்கெனவே புறப்பட்டுப் போய்விட்டது. பாயின் முகவரிப் பட்டியலில் இருந்த ஒருவர் விடாமல், சம்பந்தி வீடு உட்பட எல்லாருக்கும் அவர் பெயரில் காதல் கடிதம் போயிற்று. அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் எஸ்.டி.டி. போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நான் அனுப்பலைங்க, அது வைரஸ்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லா மெஷினையும் அழித்து முதலிலிருந்து ஏற்றுகிற வேலை என்னுடையது. வருகிறவர்கள் வேறு, "பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு பூட்டு போட மாட்டீங்களாக்கா?" என்பார்கள். ஆளாளுக்கு அதே நகைச்சுவை, ஏதோ தான்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி.

இதெல்லாம் மெஷினுக்கு வந்த கேடு. மனுஷிக்கு வந்த கேட்டை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

அய்யலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். எஞ்சினியரிங் கடைசி வருஷம். அப்பா அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்பவர். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான். பஸ் பிடிப்பதற்கு முன்னால் என் கடையில் அரை மணி உட்கார்ந்து மெயில் பார்ப்பாள். கம்ப்யூட்டரை அணைக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, சரியா வெளிய வந்துட்டேனான்னு பாருங்க" என்று கேட்கிற அளவுக்குக் கவனம். கேம்பஸ் இன்டர்வியூவில் பெங்களூர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்ததும், ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தாள். பாய்க்கும் ஒன்று கொடுத்தாள்.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சந்தை முடிந்த கையோடு அவள் அப்பா வந்தார். தோளில் துண்டு, சட்டையெல்லாம் ஆட்டு வாடை. பின்னால் அவள், அழுது வீங்கிய முகத்தோடு.

"இந்தக் கடைதானா?" என்று அவளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். என் பக்கம் திரும்பினார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீக எம் பொண்ண?"

விஷயம் இதுதான். அவளுடைய மெயிலிலிருந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. எனக்கு இந்த வேலையில் விருப்பமில்லை, வேறு இடத்தில் கிடைத்துவிட்டது, மன்னிக்கவும் என்று. நல்ல இங்கிலீஷில், அவள் பெயர் போட்டு. அவள் அனுப்பவில்லை. கம்பெனி, சரி என்று பதில் போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. அந்த இடம் காத்திருப்போர் வரிசையில் அடுத்து இருந்த ஆளுக்குப் போய்விட்டது.

"நான் எல்லாத்துலயும் ஆன்ட்டி வைரஸ் போட்டிருக்கேண்ணே. நேத்துகூட அப்டேட் பண்ணேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எம் பொண்ணு வேற எங்கயும் போறதில்ல. இங்கதான் வாரா. இங்கதான் போச்சு."

அவர் சொன்னது சரிதான். அவர்கள் போனதும் கடையைச் சாத்திவிட்டு, அவள் வழக்கமாக உட்காரும் மெஷினைத் தோண்டினேன். சாயங்காலத்துக்குள் கிடைத்தது. பார்த்தால் சாதாரண சிஸ்டம் ஃபைல் மாதிரி பெயர். வேலை என்னவென்றால், கீபோர்டில் விழுகிற ஒவ்வொரு தட்டலையும் எழுதி வைப்பது. திறந்து பார்த்தேன். யார் யாரோ யாருக்கோ எழுதியது, பரீட்சை ரிசல்ட் எண், பாஸ்வேர்டுகள், அடித்து அழித்த வரிகள்கூட. என் கடைக்குள் உட்கார்ந்து ஜனங்கள் தனியாக நினைத்ததெல்லாம் அதில் வரிசையாகக் கிடந்தது. மேற்கொண்டு படிக்காமல் மூடினேன். ஆன்ட்டி வைரஸை ஓடவிட்டேன். எல்லாம் சுத்தம் என்று பச்சை நிறத்தில் காட்டியது. அந்தப் பச்சையைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. மானிட்டரை ஒரு அறை விட்டேன். கைதான் வலித்தது.

இது வைரஸ்கூட இல்லை. தானாகப் பரவவில்லை. யாரோ ஒருத்தர் வந்து, காசு கொடுத்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து வைத்துவிட்டு, பிறகொரு நாள் வந்து அதில் சேர்ந்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இத்தனை வருஷம் பகை என்று யாருமில்லாமல் அடி வாங்கிவிட்டு, இப்போது பகையோடு ஒரு ஆள்.

மறுநாள் அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், "என்ன களவு போச்சு?"

"பாஸ்வேர்ட் சார்."

"அது என்ன பெறுமானம் இருக்கும்?"

"பொருள் இல்ல சார். மெயிலுக்குள்ள போற ரகசிய வார்த்தை."

"இப்ப அது உங்ககிட்ட இல்லையா?"

"இருக்கு சார். எடுத்தவங்ககிட்டயும் இருக்கு."

அவர் பேனாவை மூடினார். "பொருள் உங்ககிட்டயே இருக்கு. அப்புறம் என்ன களவு?" கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. இதெல்லாம் சென்னையில்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்து கல்லூரி. வேலைவாய்ப்பைக் கவனித்த அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். கேட்டுவிட்டு, "பொண்ணு ஏதோ யோசனையில அனுப்பிட்டு இப்ப வருத்தப்படுது. வயசு அப்படி" என்றார். அவள் விசும்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் புரோகிராமைச் சிடியில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

"சார், உங்க அனுமதியோட உங்க கம்ப்யூட்டர்லயே காட்டுறேன். ஏதாவது ஒரு வரி அடிங்க."

சரி என்றார். ஏற்றினேன். அவர் ஏதோ அடித்தார், அழித்தார். ஃபைலைத் திறந்து, அவர் அடித்து அழித்ததையும் சேர்த்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றார்.

"என் கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏத்திட்டீங்களா? யாரு உங்கள உள்ள விட்டது?"

பியூனைக் கூப்பிட்டு எங்களை வெளியே அனுப்பினார். அழித்துவிட்டுப் போகிறேன் சார் என்று நான் கெஞ்சியதைக்கூடக் கேட்கவில்லை. கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் அவளே ஒரு காரியம் செய்தாள். என் கடை போனிலிருந்து பெங்களூருக்குக் கூப்பிட்டு, நடுங்குகிற இங்கிலீஷில், கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டாராம். நம்புகிறேன், ஆனால் இடம் போய்விட்டது, அடுத்த முறை தேர்வு எழுதுங்கள் என்றாராம். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள், "நம்புறேன்னு சொன்னாங்கக்கா." அந்த ஒரு வார்த்தைக்காக அவள் சந்தோஷப்பட்டதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"யாரு செஞ்சிருப்பான்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியும். எங்க கிளாஸ்தான். அந்த லிஸ்ட்ல எனக்கு அடுத்து இருந்த ஆள். இங்கயும் வந்திருக்கு. உங்கள அக்கான்னு கூப்பிடும்." பிறகு, "ஆனா எப்படிக்கா காட்டுறது?" என்றாள்.

காட்ட வழியில்லை. என் கடைக்கு வந்த எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து கதவைத் திறந்துகொண்டு யார் சிரித்தாலும், இதுவாக இருக்குமோ என்றுதான் பார்த்தேன். தடுப்புப் பலகைகளைக் கழற்றினேன். யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிகிற மாதிரி எல்லாத் திரையையும் என் பக்கம் திருப்பி வைத்தேன். ஆட்கள் வருவது குறைந்தது. யாருக்குத்தான் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்பளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்கும்? பாய் மட்டும் வழக்கம்போல் வந்து, மற்றவர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகத் தன் பாஸ்வேர்டைச் சொல்லிக்கொண்டே அடித்தார். எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியவில்லை.

பென் டிரைவ் வந்த பிறகு நான் தோற்றுவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தர் கழுத்திலும் ஒன்று தொங்கியது. சொருகிய நொடியில் வைரஸ் தானாக ஓடும். ஃபோல்டரை எல்லாம் மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஒன்றை வைக்கும். ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க வந்தவர்களிடம், முதலில் சுத்தம் பண்ணித்தான் திறப்பேன் என்றால், "பக்கத்துக் கடையில உடனே எடுத்துத் தர்றாங்கக்கா" என்று போய்விடுவார்கள். ஒரு வழியாக ஜெராக்ஸ் மெஷின் வாங்கினேன். அதைச் சுவரோரம் நகர்த்தி வைக்க உதவிய என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெண் மறு வருஷம் மதுரையில் ஒரு தேர்வு எழுதி, வேறொரு கம்பெனியில் சேர்ந்து பெங்களூர் போனாள். அவள் அப்பா அதற்குப் பிறகு என் கடைப்பக்கம் வரவில்லை. நாகல் நகரில் எதிரே பார்த்தால் துண்டைச் சரிசெய்துகொண்டு எதிர்ப்பக்கம் நடப்பார்.

கொஞ்ச நாள் கழித்து அவள் பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்தது. 'அக்கா, இதைப் பாருங்க' என்று ஒரே வரி. கூடவே ஒரு ஃபைல். கர்சரை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி ஒரே வரி மெயில்களை எத்தனையோ பேருக்குத் திறக்காதே என்று கத்தியிருக்கிறேன். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"நீ எனக்கு மெயில் போட்டியா?"

"ஆமாக்கா. ஆபீஸ் வாசல்ல நின்னு எடுத்த போட்டோ. இன்னும் பாக்கலையா?"

"இரு, ஸ்கேன் பண்ணிட்டுப் பாக்குறேன்," என்றேன்.

"பண்ணுங்கக்கா, நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.